எந்த மாத்திரையை நிறுத்துவது?

அந்தக் காகிதத்தில் இரண்டு வரிகள் மட்டும் கையால் எழுதப்பட்டிருந்தன. மற்றவை அச்சடித்தவை: எத்தனை மணிக்கு வர வேண்டும், மோதிரம் தாயத்தெல்லாம் கழற்றி வைத்துவிட வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். கையெழுத்து வரிகள் மாத்திரை பற்றியவை. ஒரு மாத்திரையை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இன்னொன்றை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. என் நண்பரின் தந்தை, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல் பிடுங்கப் போனபோதும் சரி, முதுகில் இருந்த கட்டியை எடுக்கப் போனபோதும் சரி, "ரத்தம் இளக்குற மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். இதயத்துக்குள்ளேயே கருவியை விட்டுச் சுடப்போகிறார்கள் என்றால், ரத்தம் இளக்கும் மாத்திரையைத்தானே முதலில் நிறுத்த வேண்டும்? தர்க்கப்படி அவர் போட்ட கணக்கு சரி. விடைதான் தப்பு.

அப்லேஷன் என்ற அந்தச் சூட்டுச் சிகிச்சைக்குக் குறித்த நாளன்று தொண்டை வழியாகக் குழாயை இறக்கி எக்கோ எடுத்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்தார். "கடைசியா எப்ப மாத்திரை போட்டீங்க?" என்றார். பிறகு, "இன்னிக்கு வேணாம் சார். மூணு வாரம் தவறாம மாத்திரை சாப்பிட்டுட்டு வாங்க, பார்ப்போம்."

"மூணு நாள்தானே டாக்டர் விட்டேன்? அதுக்கு மூணு வாரமா?"

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. எங்களில் யார் போனாலும் கேட்பார். கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

*

முதலில், அங்கே என்ன செய்யப்போகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

இதயத்துக்கு வேண்டிய மின்சாரத்தை அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. வலது மேலறையின் மேல்பக்கம் உள்ள சைனஸ் கணு என்ற சிறு திசுத் திட்டு, ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை சமிக்ஞை அனுப்புகிறது. அது மேலறைகள் முழுக்கப் பரவி, ஏவி கணு என்ற ஒற்றை வாசலில் கண நேரம் தயங்கி, கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறை சுருங்கிய பிறகே கீழறை சுருங்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் தயக்கம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற மேலறை நடுக்கத்தில் இந்த ஒழுங்கு குலைந்துபோகிறது. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்னலைகள் தாறுமாறாகச் சுற்றுகின்றன. அத்தனை வேகத்தில் தசை சுருங்க முடியாது. உலை கொதிக்கும்போது நீரின் மேற்பரப்பு எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் குமிழியிடுமே, மேலறைச் சுவர் அப்படி நடுங்கிக்கொண்டிருக்கும். ஏவி கணு பெரும்பாலானவற்றை வடிகட்டிவிட்டாலும், தப்பி இறங்குபவை எந்தத் தாளக்கட்டுக்கும் அடங்காமல் கீழறையைத் துடிக்க வைக்கும். "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுது" என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான்.

இந்த மின்சாரக் கோளாறைக் கத்தியில்லாமல் சுட்டுச் சரிசெய்யலாம் என்ற யோசனைக்கு வழிவிட்டதில் ஒரு விபத்துக்கும் பங்குண்டு. 1979ல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்தார்கள். இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் இருக்கும்போதே ஒரு நோயாளிக்கு வெளியிலிருந்து மின் அதிர்ச்சி கொடுக்க நேர்ந்தது. அந்த மின்சாரம் கதீட்டர் முனை வழியாகப் பாய்ந்து, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான கம்பியை நிரந்தரமாக அறுத்துவிட்டது. தெரியாமல் நடந்ததைத் தெரிந்தே செய்தால் என்ன? சான்பிரான்சிஸ்கோவின் மெல்வின் ஷைன்மன் குழு அப்படிச் செய்த சிகிச்சையை 1982ல் வெளியிட்டது. பிறகு அதிர்ச்சி போய், கட்டுப்பாட்டுடன் சூடேற்றும் ரேடியோ அலை வந்தது. குளிரால் உறைய வைக்கும் பலூனும், சூடோ குளிரோ இல்லாமல் நுண்நொடி மின்துடிப்புகளால் செல்லின் சவ்வில் துளையிடும் முறையும் அடுத்தடுத்து வந்தன. எந்த முறையானாலும் நோக்கம் ஒன்றுதான்: தழும்பு உண்டாக்குவது. தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது.

தழும்பை எங்கே போடுவது என்பதை 1998ல் பிரான்ஸின் போர்தோ நகரிலிருந்து மிஷெல் ஹைசகேர் குழு காட்டியது. 45 நோயாளிகளிடம் நடுக்கத்தைத் தொடங்கிவைக்கும் 69 புள்ளிகளைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றில் 65 புள்ளிகள், நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தன. இதயத்துக்குள் நடக்கும் கலவரத்தைத் தூண்டிவிடுகிறவர்கள் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள்! அந்த வாசல்களைச் சுற்றித் தழும்பால் வேலி போடுவதே இன்று மேலறை நடுக்கத்துக்கான அப்லேஷனின் அடிப்படை.

வாத்தியாரின் கேள்விக்கான பதில் "இடது மேலறை" என்ற சொல்லில் இருக்கிறது.

*

கதீட்டர் தொடையிடுக்கில் உள்ள சிரை வழியாக நுழைந்து வலது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து இரு மேலறைகளுக்கும் நடுவே உள்ள மெல்லிய தடுப்பை ஊசியால் துளைத்து இடப்பக்கம் போகிறது. வலப்பக்கம் ரத்தக்கட்டி ஏதும் உருவானால் அது நுரையீரலில் போய்ச் சிக்கும், அதுவும் ஆபத்துதான். இடப்பக்கம் உருவானால் அடுத்த சில துடிப்புகளில் மூளைக்குப் போய்விடும். பக்கவாதம்.

ரத்தம் உறைவதற்கு அங்கே எல்லா வசதிகளும் இருக்கின்றன. நடுங்கும் மேலறை சுருங்காததால் ரத்தம் தேங்குகிறது. அதிலும் இடது மேலறையில் காதுமடல் போலத் தொங்கும் ஒரு குட்டிப் பை உண்டு. வால்வுக் கோளாறு இல்லாமல் மேலறை நடுக்கம் வந்தவர்களிடம் காணப்படும் ரத்தக்கட்டிகளில் பத்தில் ஒன்பது அங்கேதான். இதோடு அப்லேஷன் அன்று இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. உடலுக்குச் சொந்தமில்லாத குழாய் ஒன்று உள்ளே வருகிறது. சுட்ட இடத்தில் மேலறையின் உட்புற வழவழப்பு போய் ரணமாகிறது. காயத்தைக் கண்டால் உறைவது ரத்தத்தின் சுபாவம்.

மருத்துவர்களும் ஒரு காலத்தில் வாத்தியாரின் கணக்கையே போட்டார்கள். வார்ஃபரின் மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, இடைவெளியை ஹெபாரின் வகை ஊசியால் நிரப்புவார்கள். இது சரியா என்பதைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று 2014ல் வந்தது. கம்பேர் என்று அதற்குப் பெயர். 1,584 பேர் இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். வார்ஃபரினை நிறுத்திவிட்டு ஊசி போட்டுக்கொண்ட அணியில் 29 பேருக்குப் பக்கவாதமும், 10 பேருக்குச் சற்று நேரத்தில் சரியாகிவிடும் குறும்பக்கவாதமும் வந்தன. மாத்திரையை நிறுத்தாமல் அப்லேஷன் செய்துகொண்ட அணியில் மொத்தமே இரண்டு பக்கவாதம். இதைவிட வியப்பு என்னவென்றால், சிறு ரத்தக்கசிவுகளும் நிறுத்திய அணியில்தான் அதிகம். எதற்குப் பயந்து நிறுத்தினார்களோ அது நிறுத்தியவர்களுக்கே கூடுதலாக வந்தது. தபிகாட்ரான் என்ற புதிய மாத்திரையை வைத்து 2017ல் வந்த இன்னோர் ஆய்வு, அதையும் நிறுத்தாமல் தொடரலாம் என்று காட்டியது.

இப்போது மூன்று வாரக் கணக்கு. நடுங்கும் இதயத்துக்கு வெளியிலிருந்து மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் பழைய சிகிச்சை ஒன்று உண்டு. அதற்கு முன் குறைந்தது மூன்று வாரம் மாத்திரை என்பது அந்தச் சிகிச்சையிலிருந்து வந்த வழக்கம். மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை. புதிதாக உறைவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே இருப்பதை உடலே மெல்லக் கரைத்துக்கொள்ளவோ சுவரோடு ஒட்டிக் கெட்டிப்படுத்தவோ வேண்டும். அதற்கு நாளாகும். "ரத்தம் இளக்கும் மாத்திரை" என்ற பெயரே குழப்பம் உண்டாக்குகிறது என்பது என் எண்ணம். ரத்தம் அதனால் ஒன்றும் நீர்த்துப்போவதில்லை. உறைய எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கூடுகிறது.

வாத்தியாரின் எக்கோவில் டாக்டர் பார்த்ததற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் புகை. வேகமாக ஓடும் ரத்தம் எக்கோ திரையில் கருப்பாகத் தெரியும். தேங்கிச் சுழலும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று அடுக்கிக்கொள்வதால் சாம்பிராணிப் புகை போல ஒன்று மெதுவாகச் சுழலும். அவருடைய காதுமடல் பையில் அந்தப் புகை அடர்ந்திருந்தது. அதற்குள் கட்டி இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே கதீட்டரை விடும் மருத்துவர் துணிச்சல்காரர் அல்ல, பொறுப்பற்றவர்.

ஆகவே முன்தயாரிப்பில் ஆகப் பெரிய வேலை எளிமையானது, செலவும் கிடையாது. விட்டுப்போன மாத்திரையை ஒத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போன இடத்தில் மறந்தது, மருந்துக் கடையில் இருப்பு இல்லாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டது, எதுவாக இருந்தாலும். "தவறாம சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவது நம் பழக்கம். டாக்டர் திட்டுவாரே என்ற பயம். ஆனால் அந்தத் தலையாட்டலை நம்பித்தான் எக்கோ வேண்டுமா, சிடி போதுமா, இன்று செய்யலாமா என்று முடிவெடுப்பார்கள். புதிய மாத்திரைகளின் வேலை ஒரு நாளுக்குள் தேய்ந்துவிடும். இரண்டு வேளை விட்டாலே அது செய்தி.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கி, அதனால் மேலறை நடுக்கம் வந்தவர்கள் இங்கே இன்னும் நிறைய. அந்தச் சுருக்கம் கணிசமாக இருந்தால் புதிய மாத்திரைகள் ஒத்துவராது. வார்ஃபரினோ, நம் மருந்துக் கடைகளில் அசிட்ரோம் என்று கேட்டு வாங்குகிறார்களே அதுவோதான். இவை வைட்டமின் கேயின் வேலையைத் தடுத்து ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துபவை. முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் வைட்டமின் கே நிறைந்தவை. அதற்காகக் கீரையையே ஒதுக்கிவிட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும். அப்லேஷனுக்கு முன் உடம்பைத் தேற்றுகிறேன் என்று தினமும் ஒரு கட்டுக் கீரை சமைத்துப் போடும் அன்புதான் ஆபத்து. ஐஎன்ஆர் என்ற பரிசோதனை எண் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். அந்த வாரங்களில் அதை அடிக்கடி பார்ப்பார்கள். நாட்டு மருந்தோ லேகியமோ எடுத்துக்கொண்டால் அதையும் சொல்லிவிடுவது நல்லது.

*

நிறுத்த வேண்டிய மாத்திரைக்கு வருவோம். இதன் காரணம் எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது.

வண்டி வழியெல்லாம் கடகடக்கும். மெக்கானிக் கடை வாசலில் நிறுத்தியதும் சமர்த்தாகிவிடும். இதயத் துடிப்புக் கோளாறும் அப்படித்தான். குறிப்பாக எஸ்விடி என்ற வகை. பிறவியிலேயே ஒரு மின்பாதை கூடுதலாக இருக்கும். ஸ்விட்சைப் போட்டதுபோல நாடி 180க்கு எகிறும். அதேபோலச் சட்டென்று நிற்கும். மருத்துவமனைக்கு ஓடிவந்து இசிஜி எடுப்பதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். "டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், அதிலும் இளம் பெண்கள், எத்தனையோ பேர்.

1967ல் ஆம்ஸ்டர்டாமின் டர்க் டியூரர் குழுவும் பாரீஸின் ஃபிலிப் குமெல் குழுவும் தனித்தனியே ஒன்றைக் காட்டின: கணக்காக நேரம் பார்த்துச் சின்ன மின்தூண்டல் கொடுத்தால் இந்த வேகத் துடிப்பை நாமே வரவழைக்கலாம், நாமே நிறுத்தலாம். அன்றிலிருந்து இதய மின்னியல் ஆய்வு என்பதே நோயைச் சீண்டிப் பார்ப்பதுதான். அது வெளியே வந்தால்தான் பாதை எங்கே போகிறது என்று வரைபடம் போட முடியும். வரைபடம் இருந்தால்தான் சரியான மில்லிமீட்டரில் சுட முடியும். நோய் தூங்கிக்கொண்டிருந்தால் டாக்டரும் சும்மா இருக்க வேண்டியதுதான். துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் நோயைத் தாலாட்டித் தூங்க வைப்பவை. அதனால்தான் முன்கூட்டியே நிறுத்தச் சொல்கிறார்கள்.

எத்தனை நாள் முன்பு? மருந்து உடலில் பாதியாகக் குறைய ஆகும் நேரம் அரை ஆயுள். ஐந்து அரை ஆயுள் கழிந்தால் சுமார் 97 சதவீதம் போய்விடும். வாத்தியாருக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது. பெரும்பாலான மருந்துகளுக்கு இது ஓரிரு நாளிலிருந்து சில நாள். அமியோடரோன் மட்டும் விதிவிலக்கு. கொழுப்பில் ஊறிக்கொள்ளும் அதன் அரை ஆயுளே வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். அதை மூன்று நாள் முன்பு நிறுத்துவது வெறும் சம்பிரதாயம். மேலறை நடுக்கக்காரர்களுக்கு மருந்தை நிறுத்தாமலேயே அப்லேஷன் செய்யும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அதனால் எழுதிக் கொடுத்ததை மட்டும் செய்யுங்கள். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்தினால் நாடி முன்னைவிட மோசமாக எகிறலாம்.

இதே காரணத்துக்காக இன்னொன்றும் கையோடு கொண்டுபோங்கள். படபடப்பு வந்த நேரத்தில் யாராவது, எங்காவது எடுத்த இசிஜித் தாள். மங்கிப்போனதானாலும் பரவாயில்லை. தெர்மல் தாளில் எடுத்தது வெளுத்துவிடும் என்பதால் வந்த அன்றே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அந்த ஒரு தாள் பல பக்க ரிப்போர்ட்டுகளைவிட மதிப்புள்ளது.

*

மாத்திரை விவகாரம் வாரக்கணக்கு என்றால், உடம்பு விவகாரம் மாதக்கணக்கு.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எடை கூடிய மேலறை நடுக்க நோயாளிகள் 355 பேரைச் சில ஆண்டுகள் கவனித்து 2015ல் வெளியிட்டார்கள். எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்துத் தக்கவைத்தவர்கள் நடுக்கமில்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. இதயத்தைச் சுற்றிப் படியும் கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், விரிந்துகொண்டே போகும் மேலறை என்று எல்லாம் எடையோடு பின்னிக்கிடக்கின்றன. வேலி போட்டுக்கொண்டே நிலத்தைக் கரைய விட்டால் வேலி எத்தனை நாள் நிற்கும்? குடியும் அப்படித்தான். வாடிக்கையாகக் குடித்துவந்த 140 நோயாளிகளை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2020ல் வெளியான ஆய்வில், நிறுத்தச் சொல்லப்பட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கும் தொடர்ந்தவர்களில் 73 சதவீதம் பேருக்கும் நடுக்கம் திரும்பி வந்தது.

குறட்டையைப் பற்றி நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை. வீட்டில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் மேலறை ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. மயக்கம் கொடுக்கும் மருத்துவருக்கும் அது தெரிந்தாக வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலே நடுக்கம் வரும் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிடுவார்கள். காரணம் அதுதான் என்றால் முதலில் தைராய்டுக்குத்தான் வைத்தியம், சூடு அப்புறம்.

முந்தைய இரவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். வெறும் தண்ணீர் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்வரை. விடிகாலையில் ஒரு வாய் ஃபில்டர் காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு: பால் திட உணவுக் கணக்கு. சர்க்கரை நோயாளிகள் இன்னொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். பட்டினியோடு இவை சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம். சர்க்கரை அளவு மட்டும் ஒன்றும் தெரியாததுபோல இயல்பாகக் காட்டும். தொடையிடுக்கில் படையோ புண்ணோ இருந்தால் வெட்கப்படாமல் முன்பே காட்டிவிடுங்கள், கதீட்டர் நுழையும் வாசல் அது.

வாத்தியார் மூன்று வாரமும் நாட்காட்டியில் ஒவ்வொரு வேளைக்கும் கோடு கிழித்தார். இரண்டாம் எக்கோவில் புகை இல்லை. அப்லேஷன் முடிந்து ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருந்ததுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்ததாம். அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் நடுக்கம் எட்டிப்பார்த்தால் தோல்வி என்று கணக்கில்லை. சுட்ட ரணம் ஆறும் காலம் அது. மாத்திரையும் அந்தக் காலம் முழுக்கத் தொடரும், துடிப்பு எவ்வளவு சீராக இருந்தாலும். சீரான தாளத்துக்குத் திரும்பிய மேலறை சில வாரங்கள் மலைத்துப்போய்ச் சரியாகச் சுருங்காது. அப்போதும் ரத்தம் தேங்கும். அதற்கப்புறமும் மாத்திரை வேண்டுமா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

வீட்டில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. உணவுக்குழாய் இடது மேலறையின் முதுகோடு ஒட்டிப் போகிறது. சூடு அங்கே தாக்கி, நாள்கள் கழித்து இரண்டுக்கும் நடுவே துளை விழுவது மிக அபூர்வம். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் விழுந்தால் உயிர் பிழைப்பது கடினம். அப்லேஷன் முடிந்து இரண்டு மாதம் வரை, காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கை கால் மரத்துப்போவது எது வந்தாலும் பக்கத்துத் தெரு கிளினிக்கில் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். அப்லேஷன் செய்த மருத்துவமனைக்குப் போங்கள். வேறெங்கு போக நேர்ந்தாலும் "எனக்கு இதயத்தில் அப்லேஷன் செய்திருக்கிறார்கள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எண்டோஸ்கோபி குழாயை இறக்கி உள்ளே காற்றடித்தால் அந்தத் துளை வழியாகக் காற்று மூளைக்குப் போய்விடும். அவர்கள் முதலில் எடுக்க வேண்டியது மார்பு சிடி.